வேனில் தோட்டமும் கலப்புக் கதைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்கு வடகிழக்கே, ஒத்தக்கடையைத் தாண்டி, யானைமலை கண்ணில் படும் தூரத்தில் குடியிருந்து கதை எழுதுகிறேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு செம்மண் நிலம் இருக்கிறது. பங்குனி வெயிலில் மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்துத் தோட்டத்தைப் பற்றிக் கேட்பவர்கள் ஒரு பக்கம். துப்பறியும் கதைக்குள் சாமியாடியும் பேய்க்கதைக்குள் பாகப்பிரிவினையும் வருவதைப் படித்துவிட்டு, இது என்ன வகைக் கதை என்று கேட்பவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். மதுரை வெயிலில் அந்த மாதங்களில் தோட்டம் போடுவது வீண் வேலை இல்லையா?

வீண் இல்லை, ஆனால் சித்திரையில் தொடங்குவது தாமதம். பனி உருகிய பிறகு மண் இளகும் நாடுகளுக்காக எழுதப்பட்ட புத்தகங்களைப் பார்த்து, வசந்தம் வந்துவிட்டது என்று இங்கே ஏப்ரல் கடைசியில் விதை ஊன்றினால், முளைத்தது அந்த வாரமே கருகிவிடும். நம் ஊரில் பின்பனி விலகும் மாசிக் கடைசியிலேயே பாத்தியைக் கொத்தி எருவிட்டு, பங்குனி முதல் வாரத்தில் விதைத்து, அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை முழுநிலவுக்குள் செடியின் இலைகள் அதன் அடி மண்ணுக்கு நிழல் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும். அப்படி வளர்ந்துவிட்டால் வெயில் 38 டிகிரியைத் தாண்டும் நாட்களிலும் செடி நண்பகலில் வாடி, மாலையில் நிமிர்ந்துகொள்ளும்.

மரங்களுக்கு இந்தக் கவலை கிடையாது. வேம்பு பங்குனியிலேயே பூத்து, சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேண்டியதை உதிர்த்துவிடுகிறது. எதுவும் போடாத பாத்தியையும் நான் சும்மா விடுவதில்லை; கோடை மழை ஒன்று பெய்ததும் கொத்திப் புரட்டிக் காயவிடுகிறேன். மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழுக்களும் கோரைக் கிழங்கும் மேலே வந்து காய்ந்து போகின்றன. மைனாக்கள் பாதியைப் பொறுக்கித் தின்றுவிடுகின்றன. “சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்” என்று சொல்வது இதனால்தான். ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்று திருக்குறள் சொல்கிறது. அடுத்த குறளே, ஏர் உழுவதைவிட எருவிடுவது நன்று என்கிறது. நான் அடுத்த குறளின் கட்சி.

பங்குனியில் என்னென்ன விதைக்கிறீர்கள்?

வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, வெள்ளரி. பந்தலுக்குப் பாகலும் பீர்க்கும். அவரையை இந்தப் பருவத்தில் தொடுவதில்லை, அது ஆடிக்குப் பிறகு போட வேண்டியது. வெண்டை விதையை முதல் நாள் இரவு தண்ணீரில் ஊறவைத்து, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடியும் செடிக்குச் செடி ஓர் அடியும் விட்டு ஊன்றினால், ஏறக்குறைய நாற்பத்தைந்தாம் நாள் முதல் காய் பறிக்கலாம். அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் காய் முற்றி, அடுப்புக்கு உதவாமல் விதைக்குத்தான் உதவும். கோடை வெண்டைக்கு இருக்கும் ஒரே பெரிய எதிரி மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ அதைச் செடிக்குச் செடி கொண்டுபோகிறது. இலை நரம்புகள் மஞ்சள் வலை போலத் தெரிந்த செடியைக் காப்பாற்ற மருந்து இல்லை. வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும்.

தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்?

எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீர் வைத்திருப்பவர்கள் பலரும் செடி வாடிவிடுமே என்ற பயத்தில் தினமும் இரண்டு குவளை தெளிக்கிறார்கள். தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் மேல்மண்ணில் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. இடைவெளி விட்டு, வேருக்குக் கீழே வரை இறங்கும்படி நிறைய ஊற்றுவதே சரியான முறை. இலையில் படாமல் ஊற்ற வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு ஊற்ற வேண்டும். பாத்தியை வெறும் மண்ணாக விடாமல் கரும்புச் சோகையையும் வேப்பஞ் சருகையும் நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பிவிட்டால் பாதி வேலை குறையும். அலங்காநல்லூர், மேலூர்ப் பக்கம் சோகைக்குப் பஞ்சம் இல்லை. அதை வயலிலேயே கொளுத்துவதைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

மதுரை மல்லியை வீட்டில் வளர்க்க முடியுமா? என் செடி பூக்கவே மாட்டேன் என்கிறது.

முடியும். மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பூ; ஆனால் அதன் நாற்று பெரும்பாலும் இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது என்று சொன்னால் மதுரைக்காரர்களே வியக்கிறார்கள். சித்திரையில் நட வேண்டாம். ஆனி முதல் கார்த்திகை வரையிலான காலத்தில், செடிக்குச் செடி நான்கு அடி விட்டு, நாள் முழுவதும் வெயில் படும் இடத்தில் நட வேண்டும். மாமர நிழலில் மல்லியை நட்டுவிட்டுப் பூக்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

பூக்காமல் போவதற்கு மிகப் பொதுவான காரணம், செடியின் மேல் இரக்கப்பட்டு வெட்டாமல் விடுவதுதான். கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் கடைசியில், தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரே மட்டமாகக் கவாத்து செய்து, காய்ந்த கிளைகளையும் உள்நோக்கி வளர்ந்தவற்றையும் நீக்கி, செடிக்குப் பத்துக் கிலோ தொழு உரம் வைத்துவிட்டால், பங்குனியில் புதுத் தளிரோடு மொட்டு வரும். ஐப்பசி வரை பூக்கும். மொட்டு ஊதா நிறமாகிச் சுருங்கினால் உள்ளே மொட்டுப்புழு இருக்கிறது என்று பொருள். லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். நரம்பு பச்சையாக இருக்க இளம் இலை மட்டும் வெளுத்தால் அது இரும்புச் சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்தால் போதும். மொட்டை விடிவதற்குள் பறிக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு பறித்த மொட்டு, மாலையில் சரத்தில் மலராமல் பழுத்துப்போகும்.

எழுதுவது எப்போது?

வெயில் ஏறியதும் வீட்டுக்குள் போய்விடுகிறேன். கோடையில் மதுரையில் முழுநேர எழுத்தாளராக இருப்பதற்கு நண்பகல் பெரிய உதவி. வெளியே போக ஆசைப்படவே முடியாது.

நீங்கள் எழுதுவது எந்த வகைக் கதை?

துப்பறியும் கதை, பேய்க்கதை, குடும்பக் கதை ஆகிய மூன்றும் ஒன்றாக வருவது வழக்கம். சில சமயம் சரித்திரமும் சேர்ந்துகொள்ளும். பிடிவாதத்தால் அப்படி எழுதுவதில்லை. இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பொருள் களவுபோனால் ஒரே நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: காலையில் காவல் நிலையத்தில் மனு கொடுக்கிறார்கள், நண்பகலில் கோடாங்கியிடம் குறி கேட்கிறார்கள், இரவில் பத்து ஆண்டுக்கு முந்திய பங்காளித் தகராறைப் பேசுகிறார்கள். இதில் எதை விட்டுவிட்டு எழுதினாலும் நடந்ததை எழுதியதாகாது.

வகைகளைக் கலந்து எழுதுவது மேல்நாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் அல்லவா?

கலப்பதற்கு விதி எழுதி வைத்தவர்கள் நாம். தொல்காப்பியத்தின் அகத்திணையியல், நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே வாழும் தெய்வமும் விலங்கும் பூவும் பறையும் கருப்பொருள், பிரிவும் காத்திருப்பும் ஊடலும் போன்ற உணர்வு உரிப்பொருள் என்று பிரித்துவிட்டு, இவை ஒன்றோடொன்று கலக்கலாமா என்ற கேள்வியையும் உடனே எடுத்துக்கொள்கிறது. திணை மயங்கி, அதாவது ஒன்றோடொன்று கலந்து, வருவதை அது விலக்கவில்லை. ஆனால் இரண்டு நிலங்கள் ஒன்றாக மயங்குவதில்லை என்கிறது. உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்கிறது. எந்த நிலத்துப் பூவும் பறவையும் தமக்குரிய நிலத்தையும் பொழுதையும் விட்டு வேறோர் இடத்தில் வந்தால், அவை வந்த நிலத்துக்கு உரியவையாகிவிடும் என்றும் சொல்கிறது.

உரையாசிரியர்கள் இந்த நூற்பாக்களுக்கு எவ்வளவோ நுட்பமாகப் பொருள் சொல்லியிருக்கிறார்கள். கதை எழுதுகிறவனாக நான் எடுத்துக்கொண்டது எளிமையானது: கதையின் ஊர் ஒன்றாக இருக்க வேண்டும், அடியில் ஓடும் உணர்வு ஒன்றாக இருக்க வேண்டும், மற்றபடி கொலையும் பேயும் காவலரும் கால இயந்திரமும் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம், வந்தபின் அவை அந்த ஊருக்குரியவையாகிவிட வேண்டும். கலப்புக் கதை என்று சொல்லிக்கொண்டு வருவனவற்றில் எனக்குப் பிடிக்காமல் போகிறவை பெரும்பாலும் மூன்றாவது நிபந்தனையில் தவறுகின்றன. ஆளரவமற்ற மலைக்கோட்டை ஒன்றில் வெள்ளைக் கவுன் அணிந்து உலவிய பேயை அப்படியே திருமங்கலத்துக்குக் கொண்டுவந்தால், அதைக் கண்டு பயப்பட இங்கே ஆள் கிடையாது. திருமங்கலத்துப் பேய்க்குக் குலதெய்வம் உண்டு, முறை உண்டு, யாரிடம் என்ன கடன் என்பதும் தெரியும்.

பாலைத் திணையே ஒரு கலப்பு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதற்கெனத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெப்பத்தில் தம் இயல்பு திரிந்து பாலையின் வடிவம் கொள்கின்றன என்று சிலப்பதிகாரம் கூறுவது, கோவலனும் கண்ணகியும் மதுரையை நோக்கி நடந்து வரும் பகுதியில்தான். இந்த ஊருக்கு வரும் வழியிலேயே இலக்கணம் இருக்கிறது.

எந்த வகை மேலே, எந்த வகை கீழே என்று எப்படி முடிவு செய்வது?

தோட்டத்தையும் எழுத்தையும் ஒப்பிட்டுப் பேசுவது சலிப்பூட்டும் பழக்கம் என்பதால், ஒரே ஓர் ஒப்புமையோடு நிறுத்திக்கொள்கிறேன். சுண்டைக்காய்ச் செடியின் வேர்ப்பகுதியில் கத்தரியின் தளிரை ஒட்டுக்கட்டி நாற்று விற்கிறார்கள். சுண்டை வேர் வாடல் நோயையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் தாங்கும். மேலே காய்ப்பது கத்தரிதான். என் கதைகளில் மேலே காய்ப்பது துப்பறிதல். வாசகர் அதற்காகத்தான் பக்கத்தைத் திருப்புகிறார். கீழே இருப்பது குடும்பக் கதை. குற்றவாளி யார் என்று தெரிந்த பிறகும் கதையை நிற்கவைப்பது அது. ஒட்டு கட்டிய இடத்துக்குக் கீழே சுண்டை துளிர்த்தால் கிள்ளிவிட வேண்டும் என்பதும் பொருந்துகிறது. பாகப்பிரிவினைக் காட்சி நான்கு பக்கத்துக்கு மேல் நீண்டால் நான் வெட்டிவிடுகிறேன்.

துப்பறியும் கதையில் பேய் வரலாமா? வாசகரை ஏமாற்றுவது ஆகாதா?

பலருக்கும் உண்மையிலேயே உறுத்தும் கேள்வி இது. பாதிரியாராகவும் துப்பறியும் கதை எழுத்தாளராகவும் இருந்த ரொனால்டு நாக்ஸ் 1929-இல் இவ்வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தபோது, இயற்கைக்கு அப்பாற்பட்ட எதற்கும் அதில் இடமில்லை என்று ஒன்றைச் சேர்த்தார். காரணம் நியாயமானது. தடயங்களை வாசகர் முன்னால் வைத்து, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று அழைத்துவிட்டு, கடைசியில் பேய் செய்தது என்று முடித்தால் அது மோசடி.

ஆனால் நாக்ஸின் கட்டளையைக் கடைப்பிடித்துக்கொண்டே பேயை வைத்துக்கொள்ளலாம். குற்றத்தின் விடைக்குப் பேய் உதவக் கூடாது, குற்றத்தின் விடை பேயை முழுவதும் விளக்கிவிடவும் கூடாது என்பதே நான் போட்டுக்கொண்டிருக்கும் எல்லை. இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையிலிருந்து ஓர் இடத்தைக் காட்டுகிறேன்.

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். புரவியெடுப்புக்கு முந்திய இரவு, அய்யனாருக்கு நேர்ந்த மண்குதிரை உடைந்து கிடக்கிறது. முதல் மரியாதை யாருக்கு என்பதில் அண்ணன் தம்பிக்குள் பகை. கருப்பனுக்குக் கோபம் என்கிறது ஊர். விசாரிக்க வரும் ஏட்டையா உடைந்த துண்டைத் திருப்பிப் பார்க்கிறார். சூளையில் சுட்ட மண்ணின் வெளிப்புறம் சிவப்பு, உட்புறம் கருப்பு. உடைந்த விளிம்பில் ஒரு பாதி அப்படியே புதிதாக இருக்கிறது. மறு பாதியில் சுண்ணாம்பு இறங்கிக் காய்ந்திருக்கிறது. அப்படியானால் குதிரைக்கு வெள்ளை பூசும்போதே அதில் விரிசல் இருந்திருக்கிறது. யார் தள்ளியது என்ற கேள்வி போய், விரிசல் தெரிந்தும் வாய் திறக்காதவர் யார் என்ற கேள்வி வருகிறது. துப்பறியும் கதைக்கு இது போதும். விடையும் மனிதக் கண்ணுக்கு எட்டியதாகவே வரும்.

பேய்க்கதைக்கு வேறொரு வாக்கியம் வைத்திருக்கிறேன்: “அன்றிரவு இலை அசையவில்லை, கருப்பன் கோயில் மணி மட்டும் ஒரு முறை அடித்தது.” பேய்க்கதை விரும்புபவர் இதில் கருப்பனைக் கேட்கிறார். துப்பறியும் கதை விரும்புபவர் மணியின் கயிற்றை இழுத்த கையைத் தேடுகிறார். அந்த மணியை நேர்ந்துகொண்டு கட்டியவர், இறந்துபோன தகப்பனார் என்று முன்பே ஓரிடத்தில் சொல்லிவிட்டதால், குடும்பக் கதை படிப்பவர் வேறு எதையோ கேட்கிறார். குதிரை எப்படி உடைந்தது என்பது கடைசியில் தெரிந்துவிடும். மணி ஏன் அடித்தது என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். வாக்கியம் ஒன்றாகவே இருந்து மூன்று பேருக்கும் வேலை செய்தால்தான் அதைக் கலப்பு என்பேன். முதல் அத்தியாயம் கொலை, இரண்டாம் அத்தியாயம் பேய், மூன்றாம் அத்தியாயம் காதல் என்று மாற்றி மாற்றி வைப்பது அடுக்கிவைப்பது மட்டுமே.

சரித்திரக் கதையோடு எதைச் சேர்க்கலாம்?

எதையும் சேர்க்கலாம், தெரிந்த உண்மையோடு மோதாத வரை. கீழடியை எடுத்துக்கொள்வோம். 2015-இல் அகழாய்வு தொடங்கிய அந்த இடம், மேலே பார்த்தால் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்காரர் ஒருவர், குழிக்குள் செங்கல் சுவரைப் பார்க்கும் காட்சியில் இரண்டு காலங்கள் ஒரே நிலத்தில் நிற்கின்றன. அறிவியல் புனைகதைக்கு இதைவிட நல்ல வாசல் எதற்கு? ஆனால் அங்கே கிடைத்த பானை ஓட்டில் கீறப்பட்ட தமிழி எழுத்தை, கதைக்கு வசதியாக ஒரு புதையல் குறிப்பாக மாற்றினால், அடுத்த பக்கத்திலிருந்து நான் அந்தக் கதையை நம்பமாட்டேன். பெரும்பாலும் அந்த ஓடுகளில் இருப்பவை ஆட்களின் பெயர்கள். ஒரு சாதாரணப் பெயர், அதைக் கீறியவர் யார் என்ற கேள்வியோடு சேர்ந்தால், புதையலைவிட அதிக தூரம் போகும்.

தோட்டம் எப்போதாவது கதைக்கு உதவியதுண்டா?

செடிகளின் நாட்காட்டி நல்ல தடயம். மார்கழி நடுவில் வீட்டுச் செடியில் கூடை நிறைய மல்லி பறித்தேன் என்று ஒரு பாத்திரம் சொன்னால், தோட்டம் தெரிந்த வாசகருக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும். கவாத்து முடிந்த செடி அப்போது குச்சியாக நிற்கும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அந்த மாதத்தில் மல்லி விலை ஏறுவதற்கும் அதுவே காரணம். காலை ஒன்பது மணிக்குப் பூப்பறிக்கப் போயிருந்தேன் என்பதும் அதே போன்ற பொய். பங்குனியில் வேம்பின் அடியில் நடந்தவர் செருப்பில் பூ ஒட்டியிருக்கும், ஆனியில் நடந்தவர் செருப்பில் பழத்தின் பிசின் இருக்கும். இத்தகைய தடயத்தில் எனக்குப் பிடித்தது, தடயவியல் ஆய்வகம் இல்லாமலே ஒரு பாட்டி அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது. வேதிப்பொருள்களின் பெயர்களை அடுக்கும் துப்பறியும் கதைகள் எனக்கு ஒத்துவருவதில்லை.

புத்தகக் கடைக்காரர் இவற்றை எந்த அலமாரியில் வைப்பார்?

தமுக்கம் புத்தகத் திருவிழாவில் ஒரே புத்தகம் ஓர் அரங்கில் திகில் வரிசையிலும் மற்றோர் அரங்கில் இலக்கிய வரிசையிலும் இருப்பதைக் காணலாம். எழுத்தாளர் அதைப் பற்றிக் கவலைப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. பின்னட்டையில் மட்டும் நேர்மையாக இருக்க வேண்டும். கொலைக்கான விடை இருக்கும் என்று எழுதினால் இருக்க வேண்டும்.

கலப்புக் கதை எழுதத் தொடங்குபவர் எதிலிருந்து தொடங்கலாம்?

ஒரு தெருவிலிருந்து. வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஊரைத் தேடாமல், நன்றாகத் தெரிந்த ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, அங்கே எதற்கெல்லாம் பயப்படுகிறார்கள், எதை மறைக்கிறார்கள், யாரோடு யார் பேசுவதில்லை என்று எழுதிப்பாருங்கள். பயம் பேய்க்கதையாகும், மறைப்பது துப்பறியும் கதையாகும், பேச்சற்றுப்போனது குடும்பக் கதையாகும். முதல் முயற்சியில் இரண்டு வகைகளே போதும். பேச்சை அந்தத் தெருவின் பேச்சாகவே எழுதுங்கள்; “அங்கிட்டு”, “இங்கிட்டு” என்று இரண்டு சொற்களைத் தூவுவதால் மட்டும் மதுரைப் பேச்சு வந்துவிடாது.

விதை கொடுப்பீர்களா? கதையை அனுப்பினால் படிப்பீர்களா?

நாட்டு வெண்டையும் பீர்க்கும் வைகாசிக் கடைசியில் முற்றிக் காய்ந்துவிடும். வேண்டியவர்கள் ஆடிப்பட்டத்துக்கு முன்னால் வந்து வாங்கிக்கொள்ளலாம், சாம்பலில் புரட்டி வைத்திருப்பேன். பருப்பை எடுத்துப் பூச்சிமருந்து தயாரிக்க விரும்புவோருக்கு ஆனியில் வேப்பங்கொட்டையும் உண்டு. கதையைப் படிப்பேன், ஆனால் ஐப்பசி அடைமழை தொடங்கிய பிறகு, வெளியே வேலை இல்லாத நாட்களில்தான். இருபது பக்கத்துக்கு மேற்பட்டதை அனுப்ப வேண்டாம்.